பித்தளை நட்டுகள்

பித்தளை நட்டு கிடைப்பதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் சார். கிடைக்கும். தேடுகிறவனுக்குப் பொறுமை வேண்டும், சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரன் மஞ்சளாக எதையாவது எடுத்துப் போட்டு, "சுத்தப் பித்தளைண்ணே" என்பான். காந்தத்தை வைத்தால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உள்ளே இரும்பு, மேலே முலாம். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போக வேண்டியதுதான்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு இதுதான் முதல். பக்கத்தில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். எழுதட்டும் சார். இது இல்லாமல் மற்றது புரியாது.

எஞ்சினிலிருந்து புகை வெளியே வருகிற பக்கத்தில் வார்ப்பிரும்பில் ஒரு குழாய்க் கொத்து இருக்கும். மேனிஃபோல்ட் என்போம். அதை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்திருப்பவை ஸ்டட்டுகள். ஸ்டட் என்றால் தலையில்லாத போல்ட், இரண்டு முனையிலும் மரை. ஒரு முனை எஞ்சினுக்குள் இறங்கிவிடும், மறுமுனையில் நட்டு ஏறும். ஸ்டட் இரும்பு, நட்டு பித்தளை. அந்த இடம் கொதித்துக் கொதித்து ஆறுகிற இடம். இரண்டும் இரும்பாக இருந்தால் துருவேறி ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், கழற்றும்போது ஸ்டட் ஒடிந்து பாதி உள்ளே நின்றுவிடும். பித்தளை அப்படிச் செய்யாது, விட்டுக்கொடுக்கும். எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒருத்தர் முடிவு செய்துவைக்க வேண்டும் சார். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் நான்.

அம்மா பாப்பாவைப் பெற்ற கையோடு போய்விட்டாள். பாப்பா என்றால் என் தங்கை. அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது, நான் கூப்பிட்டதில்லை. கீழே பட்டறை, மேலே வீடு. அப்பா நாள் முழுக்கக் கீழேதான் கிடப்பார். அவளுக்குச் சோறு ஊட்டியது, தலை வாரியது, தூங்க வைத்தது எல்லாம் நான். ராத்திரி அம்மாவைக் கேட்டு அழுவாள். அப்பாவுக்குத் தூக்கம் கெடக் கூடாது என்று அவள் வாயை என் கையால் பொத்துவேன். கொஞ்ச நேரம் திமிறுவாள், பிறகு அடங்கிவிடுவாள். என் கைக்கு அளவு தெரியும். எதை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கருவி வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது தேவைப்பட்டதில்லை. என் கையில் எதுவும் ஒடிந்ததில்லை.

பட்டறையிலேயே வளர்ந்த பெண் அவள். எந்த ஸ்பேனர் எந்த நட்டுக்கு என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பாள். மாடியில் துணி மடித்துக்கொண்டே, கீழே ஓடுகிற எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்வாள். இது பின்னால் வரும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

அவளைக் கட்டிக்கொண்டவன் எங்களிடம் வெல்டிங் வேலைக்கு வந்தவன். மாப்பிள்ளை என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன். எந்த நேரமும் சீட்டியடிப்பான், எதற்கெடுத்தாலும் சிரிப்பான். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து என் முன்னால் வந்து நின்றார்கள். நான் மறுக்கவில்லை. வெளியே எவனுக்காவது கொடுத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். இவன் மாடியிலேயே கிடப்பான் என்று கணக்குப் போட்டேன்.

அந்தக் கணக்கு தப்பிவிட்டது. துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது, தங்க வீடும் கொடுக்கிறார்கள் என்றான். பாப்பா தயங்கித் தயங்கி வந்து, "அண்ணா, நாங்க போலாம்னு இருக்கோம்" என்றாள்.

"தாராளமா போங்க" என்றேன். "ஆனா மூட்டை முடிச்சோட பஸ்ல அலைய வேண்டாம். அப்பா வண்டி ரெடியாகட்டும். நானே ஓட்டிட்டு வந்து உன்னை அங்க விடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் கார் அவர் போன நாளிலிருந்து பட்டறை மூலையில் தூசி மூடிக் கிடந்தது. அவளுக்கும் எனக்கும் அதைவிடப் பழைய சொந்தம் கிடையாது. நான் சொன்ன சொல் தவறாதவன் சார், இதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவு சீக்கிரம் வேலை முடியும் என்று நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளை அசுரத்தனமாக உழைத்தான். தளம் ஓட்டையாக இருந்ததை வெட்டிப் புதுத் தகடு வைத்தான், கறுப்புப் பெயின்ட் அடித்துக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்தான். எஞ்சின் வேலையும் முடிந்துவிட்டது. மேனிஃபோல்ட் ஒன்றுதான் பாக்கி. பழைய ஸ்டட்டுகளைக் கழற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். சூடு காட்ட வேண்டும், எண்ணெய் விட வேண்டும், இரும்பு மனசு வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்று இரண்டு ஒடிந்தன.

"மச்சான், உங்க கைலயா?" என்று மாப்பிள்ளை ஆச்சரியப்பட்டான்.

"இரும்பு கெட்டுப் போயிருக்கு" என்றேன். ஒடிந்த துண்டுகளை நடுவில் துளை போட்டு வெளியே எடுக்கவே பல நாள் ஆயிற்று. அவசரப்பட்டால் எஞ்சினே வீணாகிவிடும்.

பிறகு புது ஸ்டட் பார்க்கும் படலம். மாப்பிள்ளை வாங்கி வந்த முதல் செட் கொஞ்சம் நீளம், அடியில் முட்டி நிற்கும். அடுத்ததில் இரண்டு முனையிலும் சின்ன மரை. எஞ்சினுக்குள் இறங்குகிற முனையில் பெரிய மரை இருந்தால்தான் வார்ப்பிரும்பு தாங்கும். அதற்கடுத்தது அதிக பலமான இரும்பு. இந்த வேலைக்குக் கொஞ்சம் இழுபடுகிற இரும்புதான் வேண்டும், விறைப்பாக நிற்பது சட்டென்று ஒடியும். நட்டுகளைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமானது. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேளுங்கள், ஆமாம் என்பான்.

"பொண்ணு பாக்கும்போதுகூட இவ்ளோ குறை சொல்ல மாட்டாங்க மச்சான்" என்று மாப்பிள்ளை சிரித்தான். பாப்பா சிரிக்கவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறைமுகத்திலிருந்து சீக்கிரம் வந்து சேரச் சொல்லி ஆள் விட்டார்கள். "பஸ்லயே போயிடறோம்ணா, வண்டி அப்புறம் வரட்டும்" என்று பாப்பா நச்சரிக்க ஆரம்பித்தாள். ஒரு காலை, மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கப் போயிருந்தபோது, பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே கிளம்பினாள். நான் பட்டறை ஷட்டரை இறக்கினேன். அவள் கையை அதற்கு அடியில் கொடுத்துவிட்டாள். ஷட்டரை இறக்கியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையைக் கொண்டுபோய் அங்கே வைத்தது அவள். மணிக்கட்டில் எலும்பு இரண்டாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில், "நான்தான் படியில விழுந்துட்டேன்" என்று அவளே சொன்னாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாவுக்கட்டோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போக முடியாது. ஆக, மறுபடியும் கார்தான் என்று ஆனது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நிம்மதியாக இருக்கிறது. ஒரு கையால் அவளுக்குத் தலை வார முடியவில்லை. சின்ன வயதில் செய்த மாதிரி நான் உட்கார வைத்து வாரிவிட்டேன். மாப்பிள்ளை உள்ளே வந்தவன் என் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கறேன் மச்சான், நீங்க கீழ போங்க" என்றான். அந்தச் சீப்பு விஷயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அவனே ஒரு செட் வாங்கி வந்துவிட்டான். எவர்சில்வர் ஸ்டட், எவர்சில்வர் நட்டு. துணியை விரித்து வரிசையாக அடுக்கி வைத்தான், பளபள என்று இருந்தன. "துருவே பிடிக்காது மச்சான். இன்னிக்கு மாட்டிட்டா நாளைக்குக் கிளம்பிடலாம்." டம்ளர் செய்ய அது நல்ல உலோகம். நட்டும் ஸ்டட்டும் இரண்டுமே அதுவாக இருந்து, கிரீஸ் இல்லாமல் வேகமாக ஏற்றினால், சூடுகூட வேண்டாம், பாதி வழியில் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நின்றுவிடும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. வெல்டிங்காரனுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டியடித்துக்கொண்டே மாட்டினான். முதல் நட்டு பாதியில் நின்றது. இன்னொன்றும் நின்றது. சீட்டியும் நின்றது. எஞ்சினுக்குள்ளிருந்து தலையை எடுத்து, திரும்பி என்னைப் பார்த்தான்.

"இது புடிச்சுக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அவன் சிரித்தான். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. "உங்களுக்கு மரை கழண்டுடுச்சு மச்சான். உங்களுக்கு வண்டி ஓடக் கூடாது, அவ இங்கேயே கிடக்கணும். அவ கை எப்படி உடைஞ்சதுன்னு நேத்து ராத்திரி சொல்லிட்டா. போதும். நாளைக்குக் காலைல பஸ். போற வழில போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டான். வேலையைப் பாதியில் விட அவனுக்கும் மனசு வராது, அந்த ஒரு விஷயத்தில் நல்ல பையன். ஸ்பேனரை நட்டில் மாட்டிப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டினான். "அந்தப் பைப்பைக் கொடுங்க, கொஞ்சம் தம் கட்டிப் பாக்கறேன்." ஸ்பேனருக்குப் பிடி நீளமாக இருக்க அதில் சொருகுகிற இரும்புக் குழாய் அது. எடுத்தேன். கையில் கொடுக்கவில்லை.

முதல் அடி காதுக்குப் பின்னால். முன்தலை பானெட் விளிம்பில் மோதியது. திரும்பி என்னைப் பார்த்தான். என்ன நடந்தது என்று புரியாத பார்வை, அதனால் இரண்டாவது அடி முகத்தில் விழுந்தது. பற்கள் தரையில் சிதறின. அவன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். மூன்றாவது, நான்காவது எல்லாம் உட்கார்ந்த பிறகு. கடைசியில் மண்டை கொடுத்த சத்தம் மாறிவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன். அளவு தெரியும் என்று சொன்னேன் அல்லவா.

முதல் வேலையாக மட்கார்டைத் துடைத்தேன். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, புதுப் பெயின்ட்டைக் கெடுத்துவிடும்.

பட்டறை நடுவில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழி இருக்கிறது. அவனை இழுத்து அதில் இறக்கிப் பலகைகளை வைத்து மூடினேன். தரையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டேன். கையிலிருந்த ஸ்பேனரை அவன் விடவில்லை, நானும் வலுக்கட்டாயம் செய்யவில்லை. பிறகு காருக்குத் திரும்பினேன். சிக்கிய நட்டுகளை அறுத்து எடுத்தேன். எவர்சில்வர் ஸ்டட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். லேத்துக்குப் பின்னாலிருந்து அப்பாவின் பிஸ்கட் டப்பாவை எடுத்தேன்.

நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சரியான ஸ்டட்டுகளும் நட்டுகளும் அதில்தான் இருந்தன. நட்டுகள் அப்பா இந்த வண்டிக்கென்றே பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்தவை, ஒவ்வொன்றின் முகத்திலும் அடையாளமாக ஒரு புள்ளி குத்தியிருப்பார். எப்போதும் இருந்தன. கடை கடையாக அலைந்தபோதும் இருந்தன.

ஸ்டட்டுகளைக் கையால் இறக்கினேன், அடியைத் தொட்டதும் நிறுத்தினேன். மேனிஃபோல்ட்டை வைத்து நட்டுகளை ஏற்றினேன். நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் குழாய் விரிசல் விடும். எஞ்சினைக் கிளப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. எங்கேயும் ஒழுகல் இல்லை, ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. அப்பா இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

சத்தம் கேட்டுப் பாப்பா ஓடி வந்தாள். ஒரு கையால் தட்டில் மூன்று டம்ளர் டீ. முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சுடுச்சா அண்ணா? அவரு எங்க?"

"பெட்ரோல் வாங்கப் போயிருக்கான். நீ போய்ப் பெட்டியைக் கட்டு. இன்னிக்கே கிளம்பிடலாம்."

அணைத்த எஞ்சின் ஆறிக்கொண்டிருந்தது. மேனிஃபோல்ட் ஆறும்போது இரும்பு சுருங்கி டிக், டிக் என்று சத்தம் வரும். அதற்கு நடுவே குழியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. பலகையில் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"என்னது அண்ணா அது?"

"இரும்பு ஆறுது பாப்பா."

சரி என்று மேலே போய்விட்டாள். நானும் டீயைக் குடித்தேன். அவனுடைய டீயையும் குடித்தேன், ஆறிப்போனால் வீண். சாயங்காலம் வரை அவனுக்கு உயிர் இருந்தது, உடனே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். ஆனால் ஒரு முறை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்கியாக வேண்டும். முழுக்க ஆறும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசைய முடியாது. இரும்பு ஆறுது, இரும்பு ஆறுது என்று நானும் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியோடு பாப்பா இறங்கி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. நல்ல புடவை கட்டியிருந்தாள். ஆசையாக டார்ச்சை எடுத்து எஞ்சினுக்குள் அடித்துப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அந்த நட்டுகளை வைத்துத்தான் அவள் குழந்தையில் விளையாடுவாள். துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கி அடுக்கி வைப்பாள்.

"அப்பாவோட நட்டு" என்றாள். "இது இத்தனை நாளா உங்ககிட்டயே இருந்துச்சா அண்ணா?"

நான் பதில் சொல்வதற்குள் குழியில் தட்டுகிற சத்தம் கேட்டது. மெதுவாக, விட்டு விட்டு.

"இரும்பு ஆறுது" என்றேன்.

அவள் தன் நல்ல கையை மேனிஃபோல்ட் மேல் வைத்தாள். வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "இது எப்பவோ ஆறிடுச்சுண்ணா."

கத்திக்கொண்டே குழிப் பக்கம் ஓடினாள். மண்டி போட்டு ஒற்றைக் கையால் பலகையைப் புரட்டப் பார்த்தாள். உள்ளே அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள், அதை அவள் பார்க்காமல் இருந்திருக்கலாம். முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. தெருவே கேட்கிற மாதிரி அலறினாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டு வந்து, பின்னாலிருந்து அணைத்து, அவள் வாயைப் பொத்தினேன். கூடவே மூக்கையும் பொத்தியிருக்கிறேன் போல. மாவுக்கட்டுக் கையால் என்னை அடித்தாள், இதோ புருவத்தில் தையல் போட்டிருப்பது அதுதான். கை விரலைக் கடித்தாள். "ஒண்ணுமில்ல பாப்பா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் திமிறினாள். பிறகு, எப்போதும் போல, அடங்கிவிட்டாள்.

நட்டுகளை நடுவிலிருந்து ஓரம்வரை மறுபடி ஒரு முறை இறுக்கினேன். அந்த வேலை பாக்கி இருந்தது. குழியில் அப்புறம் சத்தம் இல்லை, அல்லது நான் கவனிக்கவில்லை. பாப்பாவுக்குக் கலைந்திருந்த தலையை வாரிவிட்டேன். தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைத்தேன், கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்தேன். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினேன்.

வண்டி எப்படி ஓடியது என்று நீங்கள் கேட்கவே இல்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. பாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஆள் ஒருத்தர் கை காட்டி நிறுத்தினார். பழைய வண்டியைப் பார்க்கும் ஆசைதான், வேறொன்றுமில்லை. பானெட்டில் கையை வைத்து, "எஞ்சின் ஓடுதா, ஓடலையா? சத்தமே காணோமே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு குனிந்து பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"தங்கச்சி சார்" என்றேன். "துறைமுகத்துக்குக் குடி போறா. நான்தான் கொண்டுபோய் விடறேன்னு சொல்லியிருந்தேன்."

அவர் ஏன் அப்படிப் பின்வாங்கினார், ஏன் விசிலை ஊதினார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அன்று முழுக்க அலைச்சல் அவளுக்கு, அசந்திருந்தாள். ஊருக்குள் நுழைந்ததும் எழுப்பலாம் என்றுதான் இருந்தேன்.